பால் தொட்டியில் நாற்பது நிமிடம்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், எனக்குக் கோர்வையாக எழுத வராது. ஐந்தாம் வகுப்போடு படிப்பு நின்றவள். எழுத்து கோணலாகப் போகும், நடுவில் மறந்தும் போகும். முன்னால் நடந்ததைப் பின்னால் சொன்னால் பொறுத்துக்கொள்ளுங்கள். இதில் இன்னொரு சங்கடமும் இருக்கிறது. எழுத வந்த விஷயமே உள்ளே போடுகிற உடுப்பைப் பற்றியது. அந்த மாதிரித் துணிகளை மாடிக் கொடியில் போட்டால் மேலே ஒரு சேலையை விரித்து மறைத்துத்தான் காயப்போடுவேன். அப்படிப்பட்டவள் அதைப் பற்றி நாலு பேர் படிக்க எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

ராஜபாளையத்தில் பேண்டேஜ் துணி செய்கிற மில் ஒன்றில் முப்பது வருஷத்துக்கு மேல் வேலை பார்த்தேன். தறியில் இல்லை, துணி வெளுக்கிற இடத்தில். வெளுத்து வந்த பஞ்சையும் துணியையும் ஒரு சின்னக் கம்பிக் கூடையில் வைத்துத் தண்ணீரில் போட்டு, மூழ்க எவ்வளவு நேரம் ஆகிறது என்று எண்ணுவது என் வேலை. பத்து எண்ணுவதற்குள் மூழ்க வேண்டும். மிதந்துகொண்டிருந்தால் திரும்ப வேகவைக்கப் போய்விடும். பச்சைப் பஞ்சில் கண்ணுக்குத் தெரியாத ஒரு மெழுகு இருக்கிறது, அது தண்ணீரை அண்டவிடாது. சோடாக் காரம் போட்டு வேகவைத்து அந்த மெழுகை எடுத்த பிறகுதான் பஞ்சுக்கு ரத்தத்தைக் குடிக்கத் தெரியும். இதை இங்கேயே சொல்லி வைக்கிறேன். பிறகு மறந்துவிடுவேன்.

என் மகள் கடலுக்குள் முங்கிப் பாசி எண்ணுகிறவள். பாசியை எதற்கு எண்ண வேண்டும் என்று நான் பல தடவை கேட்டிருக்கிறேன், அவளும் பல தடவை சொல்லியிருக்கிறாள். தூத்துக்குடிப் பக்கம் பத்து வருஷம் அந்த வேலை பார்த்தாள். அந்தக் கடல் வெதுவெதுப்பான கடல், மெல்லிய உடுப்பே போதும். பிறகு குளிர் தேசம் ஒன்றில் அதே வேலை கிடைத்தது. பயிற்சிக்குப் போன இடத்தில் இரவல் உடுப்போடு இரண்டு தடவை பாதியிலேயே பல் கிட்டிப்போய் மேலே ஏறிவிட்டாள். ஒரு தடவை முங்கினால் நாற்பது நிமிடம் கீழே இருக்க வேண்டுமாம். வேலையில் சேர்ந்த முதல் மாதம் பார்ப்போம், அப்போதும் நிற்க முடியவில்லையென்றால் கரையில் மேஜை வேலைதான் என்று அங்கே மேலதிகாரியாக இருக்கிற அம்மா சொல்லிவிட்டாராம். மேஜை வேலையும் நல்ல வேலைதானே என்று நான் போனில் சொன்னேன். அவள் இங்கே மழை உண்டா என்று கேட்டாள். அதோடு அந்தப் பேச்சை விட்டுவிட்டேன்.

வேலையில் சேருவதற்கு முன் சித்திரை வெயிலில் பதினெட்டு நாள் இங்கே வந்திருந்தாள். வந்தவள் ஒரு பெரிய பையைக் கூடத்தில் கவிழ்த்தாள். முதலில் விழுந்தது டிரை சூட், முங்கும்போது எல்லாவற்றுக்கும் மேலே மாட்டுகிற உடுப்பு. கறுப்பாக, கனமாக, தலையும் கையும் இல்லாத ஒரு ஆள் மாதிரி தரையில் கிடந்தது. காலில் பூட்ஸ் அதோடேயே ஒட்டியிருந்தது. கழுத்திலும் மணிக்கட்டிலும் ரப்பர் வளையம். அந்த வளையத்துக்குள் என் கையை விட்டுப் பார்த்தேன். வளையல்காரர் கை மாதிரி இறுக்கிப் பிடித்தது.

"இதுக்குள்ள ஒரு சொட்டுத் தண்ணி வராதும்மா" என்றாள்.

"தண்ணியே வராதுன்னா பொறவு எதுக்குக் குளிருது?"

"சூட்டு தண்ணியத்தான் நிப்பாட்டும், குளிர நிப்பாட்டாது. அது வெறும் தோலு. உள்ள போடுற துணில நிக்கிற காத்துதான் குளிரத் தடுக்கும்."

எனக்கு அது பிடித்திருந்தது. துணி குளிரைத் தடுப்பதில்லை, துணிக்குள் நிற்கிற காற்றுதான் தடுக்கிறது. இத்தனை வருஷம் துணியோடு இருந்தும் இதை யோசித்ததில்லை. ஆழத்துக்குப் போகப் போகத் தண்ணீர் நாலாபக்கமும் அமுக்குமாம். அமுங்கிப் போகிற துணியில் காற்று நிற்காது. அதனால் அமுங்காத துணியாகப் பார்த்து எடுக்க வேண்டும். பஞ்சை அமுக்கிப் பேலாகக் கட்டும்போது எப்படிச் சப்பையாகும் என்று எனக்குத் தெரியும். இரண்டு விரலால் ஒவ்வொரு துணியாக அமுக்கிப் பார்க்க ஆரம்பித்தேன். அவள் சிரித்தாள், ஆனால் தடுக்கவில்லை.

அவள் கொண்டு வந்தது இரண்டு விதம். ஒன்று முழு உடம்புக்கும் ஒரே உடுப்பு, உள்ளே நீள நீளமாக முடி. அதற்கு நான் கரடி என்று பெயர் வைத்தேன். அது கூடப் பயிற்சிக்கு வந்தவளுடையது, இவள் உடம்புக்குப் பிடித்திருந்தால் வாங்கிக்கொள்ளலாம் என்று கொடுத்து அனுப்பியிருந்தாள். இன்னொன்று இவளே புதிதாக வாங்கியது. மெல்லிய கம்பளி பனியனும் கால்சட்டையும் மேலோடு ஒட்டினாற்போல. அதன் மேலே மெத்தை தைத்த மாதிரி வரிவரியாகத் தையல் ஓடிய ஒரு உடுப்பு. அதை மெத்தை என்றோம். இரண்டில் எதை எடுப்பது என்று முடிவு செய்து கரடிக்காரிக்கு ஒரு வாரத்துக்குள் சொல்ல வேண்டும்.

"இதெல்லாம் எதுக்கு. நல்ல பருத்தி பனியன் நாலு எடுத்துத் தாரேன், ஒண்ணுமேல ஒண்ணாப் போட்டுக்க" என்றேன்.

"பருத்தி மட்டும் ஆகவே ஆகாதும்மா. வேர்வைய உறிஞ்சி வச்சுக்கிரும். ஈரம் மேல பட்டுக்கிட்டே இருந்தா சூட்டு இருந்தும் இல்லாத மாதிரி. கம்பளி அப்படி இல்ல, நனஞ்சாலும் சூடு விடாது."

பருத்தி ஆகாது என்று ராஜபாளையத்தில் உட்கார்ந்து ஒருத்தி சொல்கிறாள். எனக்குக் கொஞ்சம் மனத்தாங்கல்தான்.

அன்றைக்கே போட்டுப் பார்த்தாள். வெளியே கல் வெடிக்கிற வெயில். கரடியைப் போட்டு, மேலே சூட்டை மாட்டி, முதுகில் இருக்கிற ஜிப்பை நான் இழுத்துவிட்டேன். குனிந்தாள், குத்த வைத்தாள், கையைத் தூக்கினாள். இடது தோளுக்குக் கீழே ஒரு வால்வு இருக்கிறது. மேலே ஏறி வரும்போது சூட்டுக்குள் இருக்கிற காற்று உப்பும். அதை அந்த வால்வு வழியாக விட்டுக்கொண்டே வர வேண்டும். விடாவிட்டால் பலூன் மாதிரி ஆளைத் தூக்கி மேலே எறிந்துவிடும், அது உயிருக்கே ஆபத்து என்றாள். வலது கையைக் கொண்டுபோய் அதைத் திருகப் பார்த்தாள். விரல் நுனி தொட்டது, பிடி கிடைக்கவில்லை. உள்ளே துணி அவ்வளவு தடிமன்.

"எட்டலையே" என்றேன்.

"பழகிரும்" என்றாள்.

மெத்தையைப் போட்டபோது கை நன்றாக எட்டியது. ஆனால் கம்பளி பனியன் உடம்பெல்லாம் கடிக்கிறது என்று கழற்றி எறிந்தாள். முதுகில் சிவப்பு சிவப்பாகத் தடித்திருந்தது.

அலசிக் கொடியில் போட்டேன். பனியனைச் சேலைக்கு அடியில் மறைத்துவிட்டேன், கரடியை எதைப் போட்டு மறைப்பது. கையும் காலும் விரித்துத் தொங்கியது. தெலுங்கு பேசுகிற பக்கத்து வீட்டம்மா மாடிச் சுவரில் சாய்ந்து வெகுநேரம் பார்த்துவிட்டு, "மருமகன் ஊர்லேர்ந்து வந்தாச்சா அக்கா, தலைகீழாத் தொங்குதாரே" என்றார். என் மகளுக்குக் கல்யாணம் ஆகவில்லை என்பது அவருக்குத் தெரியும். நான் இறங்கி வந்துவிட்டேன்.

இப்போது நான் செய்த காரியத்தைச் சொல்ல வேண்டும்.

மறுநாள் மத்தியானம் அவள் அசந்து தூங்கினாள். முதுகுத் தடிப்பு கண்ணிலேயே நின்றது. வீட்டில் எப்போதும் பேண்டேஜ் துணி இருக்கும். மில்லில் வேலை பார்த்த வீடுகளில் அப்படித்தான். பால் வடிகட்ட, தலை துவட்ட, பிள்ளைக்கு இடுப்பில் கட்ட, இட்லித் தட்டில் விரிக்க, எல்லாவற்றுக்கும் அதுதான். அது உடம்பில் பட்டால் பட்டதே தெரியாது. கம்பளி பனியனைத் திருப்பிப்போட்டு, முதுகிலும் நெஞ்சிலும் இரண்டு மடிப்பு வைத்து, வெளியே தெரியாமல் சின்னச் சின்னத் தையலாகத் தைத்துவிட்டேன். பனியனும் வெளிர் நிறம்தான், சட்டென்று தெரியாது. அவளிடம் சொல்லவில்லை. சொன்னால் வேண்டாம் என்பாள், கடிக்காமல் இருந்தால் தானே கேட்பாள், அப்போது சொல்லிக்கொள்ளலாம் என்று இருந்துவிட்டேன். பருத்தி ஆகாது என்று சொன்னது காதில் விழாமல் இல்லை. ஆனால் எங்கள் கணக்கில் பருத்தி என்றால் பனியன், வேட்டி, சேலை. பேண்டேஜ் துணியை நாங்கள் துணியிலேயே சேர்ப்பதில்லை. அது பேண்டேஜ் துணி, அவ்வளவுதான்.

குளிரில் போட்டுப் பார்க்காமல் முடிவு செய்ய முடியாது. குளிருக்கு எங்கே போவது. ஸ்ரீவில்லிபுத்தூரில் என் நாத்தனார் பால்கோவா போடுகிறாள். வத்திராயிருப்புப் பக்கத்திலிருந்து அவளுக்குப் பால் வரும். முன்பெல்லாம் பால் கேன்களை ஐஸ் தண்ணீரில் நிறுத்தி வைக்க ஒரு பெரிய சிமெண்டுத் தொட்டி வைத்திருந்தாள். பாலைக் குளிர வைக்கிற மெஷின் வந்த பிறகு அது கொல்லையில் சும்மா கிடந்தது. அதில் ஐஸ் பார் வாங்கிப் போட்டு உட்கார்ந்து பார்க்கலாம் என்று மகள்தான் சொன்னாள். பஸ்ஸில் மடியில் அந்தப் பையை வைத்துக்கொண்டு போனோம்.

நாத்தனார் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "ஏட்டி, அம்புட்டுக் குளிர்ல முங்கி பாசிய எண்ணணுமா. எங்கூர்க் கண்மாய்ல வேண்டியமட்டும் கெடக்கே, வந்து எண்ணேன்" என்றாள்.

"அதையும் எண்ணலாம் அத்தை, கண்மாய்ல தண்ணி இருந்தா."

"இருக்கும்போது சொல்லி அனுப்புதேன்."

ஐஸ் பார் வந்தது. உடைத்துப் போட்டு, தெர்மாமீட்டரை விட்டுப் பார்த்து, இது போதும் என்றாள் மகள். முதலில் கரடி. தொட்டிக்குள் இறங்கி உட்காரப் பார்த்தால் உட்கார முடியவில்லை. மிதந்தாள்.

"மதினி, இங்க வந்து பாருங்க, உங்க மக ஆமவட மாதிரி மேல வாரா" என்று நாத்தனார் கூப்பிட்டாள்.

ஒரு சாக்குப் பையில் ஆட்டுரல் குழவியைப் போட்டு மடியில் வைத்தோம். அப்போதும் மேலே வந்தாள். அம்மிக்குழவியும் சேர்ந்த பிறகுதான் கழுத்து வரை தண்ணீரில் நின்றாள். துணி தடித்தால் காற்று அதிகம், காற்று அதிகமானால் பாரமும் அதிகம் வேண்டும். கடலில் ஈயக் கட்டியாம், எங்களுக்குக் குழவி. இது எனக்கு வேடிக்கையாக இருந்தது. குளிரைத் தடுக்கிற அதே காற்று முங்க விடாமலும் தடுக்கிறது. வேண்டியதும் அதுதான், வேண்டாததும் அதுதான். நாற்பது நிமிடமும் நன்றாகவே இருந்தாள். ஆனால் வால்வுக்குக் கை எட்டவில்லை.

பிறகு மெத்தை. நாத்தனார் வீட்டுப் பழைய அறையின் மங்கல் வெளிச்சத்தில், ஆளை வேகவைக்கிற புழுக்கத்தில் பனியனை மாட்டிக்கொண்டு வந்தவள், "இன்னிக்கிக் கடிக்கவே இல்லம்மா, அதிசயமா இருக்கு" என்றாள். நான் தரையைப் பார்த்துச் சிரித்துக்கொண்டேன். ஆட்டுரல் குழவி ஒன்றே போதுமாக இருந்தது. வால்வை எளிதாகத் திருகிக் காட்டினாள். எனக்கு நிம்மதி. இதுதான் என்று நினைத்தேன்.

இருபது நிமிடம் வரை பேசிக்கொண்டிருந்தாள். பிறகு பேச்சு குறைந்தது. இருபத்தாறாவது நிமிடத்தில், "முதுகுல ஐஸ் வச்ச மாதிரி இருக்கு" என்று எழுந்துவிட்டாள். உதடு நீலமாக இருந்தது. வெல்லம் போட்ட சுக்குத் தண்ணீரை நாத்தனார் கையில் கொடுத்தாள். மகள் அதைக் குடிக்காமல் வைத்துக்கொண்டே நின்றாள்.

"அங்கயும் இப்படித்தான் ஆச்சு. எனக்கு இது சரிவராது. கரடியவே வச்சுக்கிறேன்னு அவளுக்குச் சொல்லிரப் போறேன்."

"கை எட்டலையேட்டி."

"பழகிரும்மா."

"பழகாட்டி?"

அவள் போனைத் தேடிக்கொண்டிருந்தாள்.

அவள் கழற்றிப் போட்ட பனியன் என் கையில் இருந்தது. வெளிப்பக்கம் தொட்டால் காய்ந்த மாதிரி இருந்தது. உள்ளே விரலை விட்டேன். என் பேண்டேஜ் துணி சொதசொதவென்று இருந்தது. சூட்டு மாட்டும்போது இந்த ஊர்ப் புழுக்கத்தில் வேர்த்த வேர்வையை ஒரு சொட்டு விடாமல் குடித்துவிட்டு, முதுகோடு ஒட்டிக்கொண்டு நின்றிருக்கிறது. குடி குடி என்று அதைப் பழக்கியதே நாங்கள்தான். எண்ணிப் பார்க்க வேண்டியதில்லை, எனக்குத் தெரிந்துவிட்டது.

சொல்ல வாய் வரவில்லை. எனக்குச் சின்ன வயதிலிருந்தே அப்படி. தப்பு செய்தால் ஒத்துக்கொள்ள நாள் கடத்துவேன். ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு சொல்லலாமா என்றுகூட ஒரு நினைப்பு வந்தது. அதற்குள் அவள் போனில் எழுத ஆரம்பித்துவிட்டாள். கை எட்டாத வால்வும், பலூன் மாதிரி மேலே எறிவதும் என் கண்ணுக்கு முன்னால் வந்தன.

பனியனின் ஓரத்தில் பல்லால் தையலைக் கடித்து ஒரு துண்டைப் பிய்த்தேன். ஈரமானதை வைத்து எண்ண முடியாது. இடுப்பில் முகம் துடைக்கச் செருகியிருந்ததும் அதே துணிதான், காய்ந்தது. அதைத் தொட்டித் தண்ணீரில் போட்டேன். "ஒண்ணு, ரெண்டு, மூணு" என்று சத்தமாக எண்ணினேன். நாலுக்கு மூழ்கிவிட்டது.

மகள் போனிலிருந்து நிமிர்ந்தாள். "என்னம்மா பண்ற?"

இன்னொரு கையால் அவளுடைய கம்பளிக் காலுறை ஒன்றையும் போட்டேன். ஐம்பது எண்ணியும் அது மிதந்துகொண்டே இருந்தது.

"மதினி, மில்ல விட்டு வந்து எம்புட்டு வருசமாச்சு, இன்னும் எண்ணிக்கிட்டுத்தான் இருக்கீகளா" என்றாள் நாத்தனார்.

"உம் பனியனுக்குள்ள இந்தத் துணிய வச்சுத் தச்சிருக்கேன்" என்று மகளிடம் சொன்னேன். "கடிக்குதேன்னு."

அவள் பனியனை வாங்கித் திருப்பினாள். தையலை விரலால் தடவினாள்.

"பருத்தி ஆகாதுன்னு சொன்னேனா இல்லையா?"

"இது பேண்டேஜ் துணில்லா" என்றேன்.

நாத்தனார் சிரித்த சிரிப்பில் ஐஸ் சாக்கு மேலேயே உட்கார்ந்துவிட்டாள். மகள் சிரிக்கவில்லை. போனை அணைத்து ஜன்னலில் வைத்துவிட்டு, அந்தச் சுக்குத் தண்ணீரை முழுதும் குடித்தாள். அதன் பிறகு என்னிடம் கேட்டது ஒன்றுதான். "பிரிச்சா பனியன் கிழியுமா?"

"கிழியாது. சின்னத் தையல்தான்."

பிரித்தேன். என் தையலை இவ்வளவு கவனமாக நான் பிரித்ததில்லை.

மறுநாள் காலையில் திரும்ப ஐஸ் வந்தது. இந்தத் தடவை பால் மெஷின் இருக்கிற குளிர்ந்த அறையில் நின்று உடுத்தச் சொன்னேன். வேர்க்காமல் மாட்டி, ஜிப்பைக் கடைசியில் இழுத்து, நேராகத் தொட்டிக்கு வந்தாள். நான் பக்கத்தில் முக்காலி போட்டு உட்கார்ந்தேன். அவள் என்ன குளிரில் இருக்கிறாள் என்று தெரிந்துகொள்ள என் கையையும் தண்ணீருக்குள் விட்டேன். ஐம்பத்திரண்டு எண்ணினேன், அதற்கு மேல் எலும்பு வலித்தது. எடுத்துவிட்டேன்.

"கடிக்குதா?" என்று கேட்டேன்.

யோசித்தாள். "இல்ல. அன்னிக்கு வேர்வையிலதான் கடிச்சிருக்கு. கம்பளி ஒண்ணும் பண்ணல, நம்ம ஊரு வெயிலு பண்ணின வேலை."

இருபத்தாறு நிமிடம் தாண்டியது. நாத்தனார் பால்கோவாவை வாயில் ஊட்டினாள். முப்பது. முப்பத்தைந்து. கால் மரத்துவிட்டது என்றாள். ஆனால் எழவில்லை. நாற்பது நிமிடம் ஆன பிறகும் இரண்டு நிமிடம் உட்கார்ந்திருந்தாள். கால் ஏன் மரத்தது என்று பார்த்தால், குளிருமே என்று காலுறை இரண்டு ஜோடி போட்டிருந்தாள். பூட்ஸ் இறுகி ரத்தம் ஓடவில்லை. ஒரு ஜோடியைக் குறைத்தால் சூடு கூடும் என்று அவளே சொன்னாள். போடப் போடச் சூடு என்றுதான் நான் நினைத்திருந்தேன். அது அப்படி இல்லை என்று அந்த இரண்டு நாளில் கரடி, பேண்டேஜ் துணி, காலுறை என்று மூன்று தடவை பார்த்துவிட்டேன்.

கரடி அதன் சொந்தக்காரிக்கே திரும்பப் போனது. மகளும் போனாள்.

முதல் மாதம் முடிவதற்குள் ஒரு நாள் பகலில் போன் செய்தாள். அந்த மேலதிகாரி அம்மா கடிகாரத்தோடு படகில் உட்கார்ந்திருந்தாராம். நாற்பது நிமிடமும் கீழே இருந்து, வால்வைத் திருகித் திருகி நிதானமாக ஏறி வந்தாளாம். இனி மேஜை வேலைப் பேச்சு இல்லை.

கண்ணைத் துடைத்துக்கொண்டேன், அதே துணியால்தான்.

"அம்மா, ஒரு பொட்டலம் அனுப்புவியா" என்றாள். "அந்தப் பேண்டேஜ் துணி வேணும், நிறைய. மேல ஏறி வந்த பொறவு சூட்டுக்குள்ள வேர்வை ஈரம் நிக்கும், துடைக்கணும். இங்க இருக்கிற எந்தத் துணியும் அப்படிக் குடிக்க மாட்டேங்குது."

அனுப்பினேன். அனுப்புவதற்கு முன்னால் ஒரு துண்டைக் கிழித்துத் தண்ணீரில் போட்டு எண்ணிவிட்டுத்தான் அனுப்பினேன்.

இதில் நான் சொன்ன வால்வு இடது தோளுக்குக் கீழே இருந்ததா, வலதா என்பது இப்போது குழப்பமாக இருக்கிறது. ஜிப் முதுகில் என்றுதான் ஞாபகம். ஆழத்தில் துணி அமுங்குகிற விவரமும் அவள் வாயால் கேட்டதை வைத்து எழுதியதுதான். இப்படி உடுப்புப் போட்டு முங்குகிறவர்கள், இல்லை விவரம் தெரிந்தவர்கள் யாராவது இதைப் பார்த்தால், தப்பு இருக்கிற இடத்தைத் திருத்திக் கொடுங்கள். இதை நம்பி யாராவது ஒருத்தி தண்ணீரில் இறங்கிவிடக் கூடாது. பஞ்சு மூழ்குகிற கணக்கை மட்டும் திருத்த வேண்டாம், அது எனக்குத் தெரியும்.